சுவரில் முதல் பெயர்

'தாங்கள் தொடர்புகொள்ளும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது...'

ஏழாவது தடவை!

லியோ பிரகாஷ் கைபேசியைக் காதிலிருந்து எடுத்தான். ஆஸ்பத்திரியின் சிறுநீரக மாற்றுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளன். நோயாளிக்கு போன் போட்டு வரவழைப்பது அவன் வேலை. அந்த வேலைதான் இன்றைக்கு நடக்கவில்லை.

"மேடம்... செல்வகுமாரி போன் ஆஃப்லயே இருக்குது."

டாக்டர் ரீட்டா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஏழு ஐம்பது.

"எங்க வேலை செய்யுது அந்தப் பொண்ணு?"

"சேதராப்பட்டு கம்பெனி. பேக்கிங் செக்‌ஷன். ஆறு மணி ஷிப்ட். கேட்டுலயே போனை ஆஃப் பண்ணி வாங்கி வச்சுக்குவாங்க. ஆபீஸுக்குப் போட்டேன், எடுக்க ஆளில்ல. ஒன்பது மணிக்குத்தான் வருவாங்க."

"ஒன்பது மணி வரைக்கும் நாம இன்னா பண்றது? காப்பி சாப்பிடுறதா?"

விடியற்காலையில்தான் அந்தச் செய்தி வந்திருந்தது. வேறோர் ஆஸ்பத்திரியில் ஒரு கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்தவர். மூளைச்சாவு. அவர் மனைவி அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒரு சிறுநீரகம் ஐஸ் பெட்டியில் பதினொரு மணிக்கு இங்கே வந்து சேரும்.

காத்திருப்போர் வரிசையில் முதல் பெயர் செல்வகுமாரி. வயது இருபத்தொன்பது. பாகூர் பக்கத்துப் பெண். மூன்று வருடமாக டயாலிசிஸ். மெஷினில் படுக்கும் நாள் போக மற்ற நாளெல்லாம் ஷிப்ட்.

பத்தரைக்குள் அவள் வார்டுக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் சிறுநீரகம் இரண்டாவது ஆளுக்கு!

"ரெண்டாவது ஆள்?"

"புகழ்வேந்தன். பாகூர்ல பெரிய கரும்புக்காரரு. ஸ்டாண்ட்பைன்னு சொல்லிக் கூப்பிட்டோம். ஏழு மணிக்கே குளிச்சு விபூதி பூசி வந்து உக்காந்துட்டாரு."

ரீட்டா கார் சாவியை எடுத்தாள்.

"கிளம்பு லியோ. போன் போவாத இடத்துக்கு நாம போவோம்."

வாசலில் அந்தச் சுவர். அதில் ஆள் உயரத்துக்கு ஒரு காகிதம். நூற்று நாற்பது பெயர்கள், வரிசை எண்ணோடும் ஊரோடும். ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி, ரீட்டாவே தன் கையால் ஒட்டியது. யார் முன்னால், யார் பின்னால் என்று யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அதை ஒட்டிய நாளிலிருந்து அவளுக்குத் திட்டு. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடம் திட்டு, பெரிய இடத்து போன்களில் திட்டு. அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

காரணம் இருந்தது. அவள் அப்பா சவரிநாதன் வில்லியனூர்ப் பக்கம் துண்டு நிலத்தில் கரும்பு போட்டவர். இரண்டு சிறுநீரகமும் போய் படுத்தபோது அவள் மருத்துவம் இரண்டாம் வருடம். 'உங்களை மாதிரி ஆளுங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராதும்மா' என்றார் ஒரு பெரிய டாக்டர். எந்த வரிசையிலும் அப்பாவின் பெயரை எவரும் எழுதவே இல்லை. அந்தக் கோபம் முப்பது வருடமாகியும் ரீட்டாவுக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

சென்னையில் பதினாறு வருடம் பெரிய பெரிய ஆட்களுக்குச் சிறுநீரகம் வைத்தாள். பிறகு ஒருநாள் ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு ஊருக்கு வந்தாள். நடவுக்குப் போகிறவளும் ஆட்டோ ஓட்டுகிறவனும் அந்த வரிசையில் நிற்க வேண்டும்... அவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்கே அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர்!

* * *

சேதராப்பட்டு. கம்பெனி கேட்.

செக்யூரிட்டி ஆறுமுகம் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"செல்வகுமாரியா? அது போயிடுச்சே."

"எங்க போச்சு?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். ஆறே முக்காலுக்கு ஆம்புலன்ஸ் வந்துச்சு. கிட்னி கெடச்சிருக்குதுன்னாங்க. பொண்ணு ஒரே சிரிப்பு. எங்களுக்கெல்லாம் டாட்டா காட்டிட்டு ஏறுச்சு."

ரீட்டா அவரை நெருங்கினாள்.

"நாங்க ஆம்புலன்ஸ் அனுப்பலியே."

ஆறுமுகத்தின் குச்சி நின்றது.

"லெட்டர் காட்டுனாங்களே... சீல் எல்லாம் இருந்துச்சு. சும்மா வுட்ருவனா நானு? நோட்டுல எழுத வச்சுட்டுத்தான் வுட்டேன்."

கேட் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

நேரம்: 6.45. அழைத்துச் செல்பவர்: பச்சையப்பன், டிரைவர். அனுப்பியவர்...

லியோ பிரகாஷ்!

ரீட்டா மெல்லத் திரும்பினாள்.

லியோவின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

"நீயா?"

"மாதா மேல சத்தியமா இல்ல மேடம்."

"முதல் பேரு யாருன்னு சுவத்தைப் பாத்தா ஊருக்கே தெரியும். ஆனா இந்த நேரத்துல இந்தப் பொண்ணு இந்த கேட்டுக்குள்ள இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? உனக்கும் எனக்கும்தான்."

லியோ கேட் நோட்டை மூடினான்.

"இன்னொருத்தருக்கும் தெரியும் மேடம். நான்தான் சொன்னேன்."

"யாருகிட்ட?"

"ஆறு மணிக்குப் புகழ்வேந்தன் வூட்டுக்குப் போன் பண்ணேன்ல? அவரு மருமகன் எடுத்தாரு. 'முதல் ஆள் வந்துட்டாங்களா தம்பி, பாவம் அவங்களுக்கே கெடைக்கட்டும்'னு அவ்ளோ தன்மையா பேசுனாரு. நான்... சேதராப்பட்டுல ஷிப்ட்டுல இருக்காங்க, போன் கேட்டுல இருக்கும், அதான் கெடைக்கலன்னு சொல்லிட்டேன்."

"உன் பேரையும் சொன்னியா?"

"'யாரு தம்பி பேசுறது'ன்னு கேட்டாரு..."

ரீட்டா அவனைத் திட்டவில்லை. அதற்கு நேரம் இல்லை.

"மருமகன் பேரு?"

"கேக்கல மேடம்."

எட்டு இருபத்தைந்து.

ரீட்டா காரில் சாய்ந்து நின்று யோசித்தாள். அறுவை மேஜையில் ரத்தக் குழாய் நழுவினால் யோசிப்பாளே, அதே மாதிரி. பதறாமல், வேகமாக.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஏறியிருக்கிறாள். அவளைக் கட்டிப்போடத் தேவையில்லை. ஆனால் வண்டியிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் சந்தேகம் வந்துவிடும். ஆபரேஷன் என்று நம்பி வந்த ஒரு சிறுநீரக நோயாளியை, வாயைத் திறக்காமல், தானாகவே நாலு மணி நேரம் அசையாமல் படுக்க வைக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு!

"லியோ, ஆபரேஷனுக்கு முன்னாடி டயாலிசிஸ் பண்ணணும்னு சொன்னா அது நம்புமா நம்பாதா?"

"நம்பும் மேடம். நாமளே அப்படித்தானே பண்ணுவோம்." லியோவுக்கு வார்த்தை தடுமாறியது. "மெஷின்ல மாட்டிட்டாங்கன்னா நாலு மணி நேரம்..."

"பதினோரு மணிக்கு மேலதான் எழுந்திருக்கும். அதுக்குள்ள ஆஸ்பத்திரியில எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"ஆனா சுத்துவட்டாரத்துல ஒன்பது சென்டர் இருக்குதே. எதுன்னு தேடுறது?"

ரீட்டா கைபேசியை எடுத்தாள். வரிசையில் இருக்கும் அத்தனை பேருக்குமாக அவள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தாள். மருந்து, பத்தியம், எந்த மெஷின் ரிப்பேர்... எல்லாம் அதில் வரும்.

மைக்கை அழுத்திப் பேச விரல் போனது. நின்றது.

குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் செல்வகுமாரிக்குப் பின்னால் நிற்பவர். அவள் காணாமல் போனால் ஒவ்வொருவரும் ஒரு படி முன்னால் வருவார். இவர்களிடம் போய் அவள் எங்கே என்று கேட்பதா?

"கேக்கலாமா மேடம்?" என்றான் லியோ.

"இவங்களை நம்பலன்னா நான் எதுக்குடா ஊருக்கு வந்தேன்?"

பேசினாள்.

"டாக்டர் ரீட்டா பேசறேன். நம்ம செல்வகுமாரிக்குக் கிட்னி வந்திருக்கு. ஆளைக் காணோம். இப்போ எந்த சென்டர்லயாவது படுத்திருந்தா சொல்லுங்க. பத்தரை வரைக்கும்தான் நேரம்."

ஒரு நிமிடம்.

இரண்டு நிமிடம்.

டிங்...!

வீரமணி. ஆட்டோ டிரைவர். வரிசையில் நான்காவது பெயர். குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் அமுங்கியிருந்தது.

"டாக்டரம்மா... நான் மதகடிப்பட்டு அரிகரன் சென்டர்ல மெஷின்ல கீறேன். பக்கத்து பெட்டுல அந்தப் பொண்ணுதான். 'அண்ணே, எனக்குக் கெடச்சிடுச்சு'ன்னு சொல்லிச்சு. சரி உங்காளுங்கதான் அனுப்பிருப்பாங்கன்னு வுட்டுட்டேன். சீக்கிரம் வாங்க. நான் கண்ணு வச்சிக்கினு இருக்கேன்."

லியோ நிமிர்ந்தான்.

"அரிகரன்... மேடம், நான் போனை வைக்கிறப்ப உள்ளேயிருந்து ஒரு அம்மா குரல் கேட்டுச்சு. 'அரிகரா, யாருப்பா போன்ல'ன்னு."

கார் ஏற்கெனவே நகர ஆரம்பித்திருந்தது.

* * *

வழியில் போலீஸுக்கு ஒரு போன். அடுத்த நொடியே அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் டாக்டர் பாக்யராஜ். கெட்டவர் இல்லை. ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிற மனிதர், அவ்வளவுதான்.

"எங்க இருக்கீங்க டாக்டர் ரீட்டா? மேலேருந்து மூணு போன் வந்துடுச்சு. முதல் ஆள் கெடைக்கலன்னா ரெண்டாவது ஆளை ரெடி பண்ண வேண்டியதுதானே?"

"பத்தரை ஆவலியே சார். பொண்ணை யாரோ கள்ள லெட்டர் காட்டிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, அழைச்சுக்கினு வரத்தான் போறேன்."

"பாத்தீங்களா, இதுக்குத்தான் லிஸ்ட்டை சுவத்துல ஒட்டாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். அத ஒட்டுனதாலதானே இவ்ளோ வெனை?"

அது ரீட்டாவுக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மையும்கூட. திருடனுக்கு வழிகாட்டியது அவள் ஒட்டிய காகிதம்தான்.

ஆனால் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அந்தக் காகிதத்தில் இருக்கும் நாலாவது பெயர்தான்!

"சார், ஒண்ணு பண்ணுங்க. பேரை மாத்தி நீங்களே ஒரு ஆர்டர் எழுதி, கையெழுத்துப் போட்டு, டேபிள்ல வையுங்க. நான் வந்து வாங்கிக்கிறேன்."

"வாங்கி?"

"லிஸ்ட்டுக்குப் பக்கத்துலயே ஒட்டிடறேன். சுவத்துல இடம் இருக்கு."

எதிர்முனை கனைத்தது.

"பத்தரை வரைக்கும் பாப்போம்" என்று வைத்துவிட்டார்.

* * *

மதகடிப்பட்டு. விழுப்புரம் ரோட்டில் மாடிக் கட்டடம். வாசலில் ஆம்புலன்ஸ். ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்த டிரைவர் பச்சையப்பன், ரீட்டாவின் முகத்தைப் பார்த்ததும் தாளத்தை நிறுத்தினான்.

"சாவியைக் குடு."

கொடுத்துவிட்டான்.

மாடி ஏறினாள். எட்டு கட்டில்கள், எட்டு மெஷின்கள். கடைசிக் கட்டிலில் வீரமணி கண்ணால் ஜாடை காட்டினான். பக்கத்தில், சிவப்பான குழாய்களுக்கு நடுவே... செல்வகுமாரி!

முகமெல்லாம் சிரிப்பு.

"டாக்டரம்மா, நீங்களே வந்துட்டீங்களா? இன்னும் கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும்னாங்க. போனைத்தான் வாங்கிக்கிட்டாங்க. ஆபரேஷனுக்குப் போறவங்க வச்சிருக்கக் கூடாதாமே."

அந்தச் சிரிப்பைக் கெடுக்க ரீட்டாவுக்கு மனம் வரவில்லை. அறுவைக்கு முன்னால் அவள் ரத்த அழுத்தம் ஏறினால் நஷ்டம் யாருக்கு?

"ஆமாம்மா. நிம்மதியாப் படு."

கண்ணாடி அறையிலிருந்து ஒருவன் வந்தான். அரிகரன். சந்தனப் பொட்டு, சலவைச் சட்டை.

"வாங்க மேடம். ஒரு நல்ல காரியம் பண்ணேன். பாவம், அந்தப் பொண்ணு ஷிப்ட்டுல மாட்டிக்கிச்சேன்னு நானே வண்டி அனுப்பி..."

"உள்ள வாங்க. பேசுவோம்."

கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

"நல்ல காரியத்துக்கு எதுக்கு லியோ பேரு? எதுக்கு கள்ள சீலு?"

அரிகரனின் தன்மையான முகம் கழன்று விழுந்தது.

"சரி மேடம், நேரடியா பேசறேன். அறுபது ஏக்கருக்கு ஒரே மனுஷன் என் மாமனாரு. நூறு குடும்பம் அவரை நம்பிப் பொழைக்குது. அந்தப் பொண்ணு அட்டைப்பெட்டி ஒட்டுது. அதுக்கு அடுத்த மாசம் வேற ஒண்ணு கெடைக்கும். ஊரு நல்லதுக்கு யாரு இருக்கணும், நீங்களே சொல்லுங்க."

"இதேதான் எங்க அப்பாவுக்கும் சொன்னாங்க. வேற வார்த்தையில."

"மணி ஒன்பது இருபத்தஞ்சு. நான் சொல்லாம எந்த நர்ஸும் மெஷினை நிறுத்த மாட்டாங்க. நீங்களே அவசரமா கழட்டுனாலும் வம்புதான். டயாலிசிஸ்ல ரத்தம் உறையாம இருக்க ஹெபாரின் போடுவாங்க, உங்களுக்குத் தெரியாததா? அந்த மருந்தோட கத்தி வச்சா பொண்ணு டேபிள்லயே ரத்தம் கக்கும். உங்களால இன்னிக்கு அதைத் தொட முடியாது."

ஹெபாரின்! அதை ரீட்டா யோசிக்கவே இல்லை.

கதவைத் திறந்தாள்.

"சிஸ்டர்."

நர்ஸ் அந்தோணி மேரி ஓடிவந்தாள். நாற்பது வயது, நேர்த்தியான சீருடை.

"செல்வகுமாரிக்கு ஹெபாரின் எவ்வளவு போட்டீங்க?"

"போடலியே டாக்டர்."

அரிகரன் திரும்பினான்.

"ஏன் போடல?"

"நீங்கதானே சார் காலையில சொன்னீங்க? 'மாற்று ஆபரேஷன் கேஸு, இங்க முடிச்சு நேரா தியேட்டருக்குப் போவுது'ன்னு. அது நெசம்னு நெனச்சுத்தான் ஹெபாரின் இல்லாம ஓட்டுறேன். அரை மணிக்கு ஒருக்கா சலைன் வுட்டுக்கினு பக்கத்துலயே நிக்கிறேன். தப்பா சார்?"

அரிகரன் கண்ணாடி வழியே அந்த மெஷினைப் பார்த்தான்.

ரீட்டாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை.

"பொட்டாசியம் பாத்தீங்களா சிஸ்டர்?"

"வந்தப்ப ஆறரை இருந்துச்சு டாக்டர். இப்போ நல்லா கொறஞ்சிருக்கும்."

ஆறரை! இதயமே நின்றுபோகக்கூடிய அளவு. அந்த ரத்தத்தோடு தியேட்டருக்குப் போயிருந்தால் மயக்க மருந்து டாக்டர் திருப்பி அனுப்பியிருப்பார். முதலில் டயாலிசிஸ், பிறகுதான் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியிலேயே நேரம் போயிருக்கும்.

"இன்னும் அரை மணி ஓடட்டும் சிஸ்டர். அப்புறம் நிதானமா கழட்டுங்க."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அரிகரனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நல்ல மெஷின் வச்சிருக்கீங்க."

அவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். ஜன்னலுக்குக் கீழே போலீஸ் ஜீப் வந்து நிற்கும் சத்தம்.

ரீட்டாவின் போன் ஒலித்தது. ரத்தப் பொருத்தம் பார்க்கும் லேப். வரிசையில் இருப்பவர்களின் ரத்தம் மாதாமாதம் அங்கே போய் இருப்பில் இருக்கும். விடிந்ததிலிருந்து கொத்தனாரின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"மேடம், முதல் சாம்பிள் செல்வகுமாரி. பொருந்துது. பிரச்சனையே இல்ல."

"ரெண்டாவது?"

"புகழ்வேந்தன்... வாய்ப்பே இல்ல மேடம். இந்தக் கிட்னிக்கு எதிரா அவரு ரத்தத்துல அவ்ளோ எதிர்ப்பு இருக்கு. வச்சா டேபிள்லயே கறுத்துப் போயிடும். ஆளுக்கும் ஆபத்து."

போனை வைத்தாள்.

அரிகரன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான்.

"நீங்க இந்தப் பொண்ணை ஒரு வருஷம் ஒளிச்சு வச்சிருந்தாலும் இது உங்க மாமனாருக்கு வந்திருக்காது. மூணாவது ஆளுக்குப் போயிருக்கும். நீங்க இன்னிக்கு ஜெயிலுக்குப் போறது ஒரு இலவச டயாலிசிஸுக்காக."

* * *

வந்த அதே ஆம்புலன்ஸ். ஓட்டியதும் அதே பச்சையப்பன். பின்னாலேயே போலீஸ் ஜீப். பக்கத்து சீட்டில் ஒரு கான்ஸ்டபிள். செல்வகுமாரி அவரைத் துணைக்கு வந்தவர் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து இருபத்தாறுக்கு வார்டு.

நான்கு மணி நேர அறுவை. ரீட்டா ரத்தக் குழாய்க் கவ்விகளைத் தளர்த்தியதும் வெளிறிக் கிடந்த சிறுநீரகம் மெல்லச் சிவந்தது. முதல் சொட்டுச் சிறுநீர் எட்டிப் பார்த்தபோது, ஐநூறு தடவைக்கு மேல் பார்த்த அவளுக்குக் கண் கலங்கியது. முகமூடி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

வெளியே பெஞ்சில் புகழ்வேந்தன். விபூதி வியர்வையில் கரைந்திருந்தது. மருமகன் செய்தது அவருக்கு மதியம்தான் தெரியும்.

"எனக்குத் தெரியாது டாக்டர். சத்தியமா."

"தெரியும் ஐயா."

"என் பேரை லிஸ்ட்டுலேருந்து எடுத்துடுவீங்களா?"

"எதுக்கு? தப்பு பண்ணது உங்க கிட்னி இல்லியே. அடுத்தது பொருந்துனா உங்களுக்குத்தான்."

அவர் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

சுவருக்கு முன்னால் பாக்யராஜ் நின்றிருந்தார்.

"இப்பவாச்சும் இதை எடுத்துடலாமே டாக்டர் ரீட்டா. ஒரு நாள் தப்பிச்சோம்."

"மாட்டேன் சார். பேரு, நம்பர் மட்டும் இருக்கட்டும், ஊரைக் கூட எடுத்துடறேன். ஆனா லிஸ்ட்டு இங்கதான் இருக்கும். எழுத்து சின்னதா இருக்குன்னு வீரமணி சொன்னாரு. நாளைக்குப் பெரிசா அடிச்சு ஒட்டப் போறேன்."

சிவப்பு பேனாவை எடுத்து முதல் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தாள். நூற்று நாற்பது பெயர்களில் அந்தக் கோடு ஒன்றுதான் அவளுக்குப் பிடித்த கையெழுத்து.

மூன்றாம் நாள். செல்வகுமாரி தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நடந்தது எதையும் அவளிடம் இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"டாக்டரம்மா... ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அந்த ஆம்புலன்ஸ் அண்ணன் ரொம்ப நல்ல மாதிரி. போறப்ப வழியெல்லாம் பாட்டு போட்டுக்கினே வந்தாரு. வூட்டுக்குப் போவும்போதும் அவரையே வரச் சொல்றீங்களா?"

ரீட்டா அவள் நாடியைப் பிடித்து எண்ணி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"அவரை ஏத்திக்கிட்டுப் போக வேற வண்டி வந்துடுச்சும்மா. அதுல சைரன் உண்டு... பாட்டு கிடையாது."